ஒரே இசைக்குழுவை ஐம்பது வருடம் கேட்பது எப்படி? கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

பதினேழு வயதில் பிடித்துப்போன ராக் இசைக்குழுவை எழுபது வயதிலும் விடாமல் கேட்கும் ஒருவரைப் பார்த்தால், எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பழைய ஞாபகம். அந்தக் காலம், அந்தக் காதல், அந்தத் தலைமுடி! கொஞ்சம் கடுமையான ஆட்கள் "வெறி" என்பார்கள். விஷயம் தெரிந்தவர்போலப் பேசுபவர்கள், அமெரிக்க ரசிகர்கள் என்றால், "எல்லாம் போதை மருந்து" என்று முடித்துவிடுவார்கள்.

மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் கணக்கு சரியாக வராது. இளமையில் எல்லோருக்கும் பிடித்த பாட்டு உண்டு, பெரும்பாலோர் அதை வருடத்துக்கு இரண்டு தடவை கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். சிலர் மட்டும் ஏன் விடுவதில்லை? இதைப் புரிந்துகொள்ள மிக நல்ல உதாரணம் கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் குழுவும் அதன் ரசிகர்களும்தான்.

யார் இவர்கள்?

1965இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள பாலோ ஆல்டோ ஊரில் 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் தொடங்கிய குழு, அந்த வருடம் முடிவதற்குள் கிரேட்ஃபுல் டெட் ஆனது. கிதாரில் ஜெர்ரி கார்சியா, பாப் வியர். பேஸ் கிதாரில் ஃபில் லெஷ். டிரம்ஸில் பில் க்ராய்ட்ஸ்மேன், 1967 முதல் அவரோடு மிக்கி ஹார்ட். ஆர்கன் வாசித்துப் பாடியவர் ரான் மெக்கெர்னன், 'பிக்பென்' என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். பல பாடல்களின் வரிகளை எழுதிய ராபர்ட் ஹன்டர் குழுவோடு மேடையில் வாசித்தவர் அல்ல, ஆனாலும் குழுவில் ஒருவராகவே கருதப்பட்டார்.

1995 ஆகஸ்டில் கார்சியா இறக்கும்வரை முப்பது வருடங்களில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். வானொலியில் வெற்றி என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த ஒரே பாடலும் 1987இல்தான் வந்தது, குழு தொடங்கி இருபத்திரண்டு வருடம் கழித்து. அதாவது இவர்களுக்கு ரசிகர்களைச் சேர்த்துக் கொடுத்தது வானொலி அல்ல.

இவர்களுடைய ரசிகர்களை 'டெட்ஹெட்' என்று அழைப்பார்கள். 1971இல் வந்த இசைத்தட்டின் உறைக்குள் குழு ஒரு சின்ன அறிவிப்பு அச்சடித்திருந்தது: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள், பெயரும் முகவரியும் அனுப்புங்கள், செய்தி சொல்கிறோம். கடிதங்கள் வந்து குவிந்தன. அங்கே ஆரம்பித்த அஞ்சல் பட்டியல் பிறகு பெரிய அமைப்பாகவே வளர்ந்தது.

'பழைய ஞாபகம்' எதுவரை சரி?

மனித நினைவைப் பற்றி உளவியல் சொல்லும் ஒரு விஷயம் இங்கே உண்மையிலேயே பொருந்தும். நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையின் முக்கிய நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வரும். வரைபடமாகப் போட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். இதை நினைவு மேடு என்போம். முதல் வேலை, முதல் ஊர்மாற்றம், வீட்டுக்குத் தெரியாமல் செய்த முதல் காரியம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 'நான் யார்' என்பது முடிவாகும் காலமும் அதுதான். அப்போது கேட்ட இசை அந்த நினைவுகளோடு சேர்த்தே பதிகிறது.

சரி, இதுதான் காரணம் என்றால் ஒரு சிக்கல் வருகிறது. கார்சியா இறந்த பிறகு பிறந்த டெட்ஹெட்டுகள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு 1977 என்பது சொந்த ஞாபகம் இல்லை, பாடப்புத்தகத்தில் வரும் ஒரு வருடம். கிதார் கலைஞர் ஜான் மேயரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழுவின் மிகப் புகழ்பெற்ற கச்சேரி 1977 மே மாதம் நடந்தபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இந்த இசையில் விழுந்தார். 2015இல் மிச்சமிருந்த உறுப்பினர்களில் மூவரோடு சேர்ந்து மேடையிலேயே நின்றார்.

ஆக, நினைவு மேடு ஒருவரைத் திரும்பத் திரும்ப அந்த இசையிடம் கூட்டிவரலாம். வந்தவர் ஏன் சலிக்காமல் இருக்கிறார் என்பது வேறு கேள்வி. கட்டுரையின் மீதி அதைப் பற்றித்தான்.

பழகினால் பிடிக்கும், அதிகம் பழகினால் சலிக்கும்

1968இல் உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒரு பொருள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே, வேறு எந்தக் காரணமும் இல்லாமல், அதன்மேல் நமக்கு விருப்பம் கூடுகிறது என்பது அதன் சாரம். பரிச்சய விளைவு என்று சொல்லலாம். முதல்முறை எரிச்சலூட்டிய சினிமாப் பாட்டு, டீக்கடையில் பத்து நாள் ஒலித்த பிறகு நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்வது இதனால்தான். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் போனால் அதே பாட்டு கசந்துவிடும் என்பதும் நமக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம் மூளை ஆராய்ச்சி. கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தமக்குப் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உடம்பு சிலிர்க்கும் கணத்தில் டோபமைன் சுரந்தது. டோபமைன் என்பது ஆசை, எதிர்பார்ப்பு, பரிசு ஆகியவற்றோடு தொடர்புள்ள மூளை இரசாயனம். சுவாரசியமான விஷயம் அடுத்ததுதான்: சிலிர்ப்பு வருவதற்கு முன்பே, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரந்தது. இசையின்பத்தில் பெரும்பங்கு எதிர்பார்ப்பில் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்பார்ப்பு உண்டாக வேண்டுமானால் பாட்டு பழகியிருக்க வேண்டும். சலிக்காமல் இருக்க வேண்டுமானால் அடுத்து வருவது முழுவதும் தெரிந்திருக்கக் கூடாது. வருடம் முழுக்க ஒரே பதிவை ஓடவிட்டால் இந்த இரண்டாவது நிபந்தனை அடிபட்டுப்போகும். கிரேட்ஃபுல் டெட் அதைச் சமாளித்த விதம்தான் இந்தக் கதையின் மையம்.

தெரிந்த பாட்டு, தெரியாத பாதை

கர்நாடக இசைக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கீர்த்தனை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஆலாபனை எவ்வளவு நேரம் போகும், நிரவலுக்கு எந்த வரியை எடுப்பார், கல்பனாஸ்வரம் எங்கே போய்த் திரும்பும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். அதே பாடகர், அதே தோடி என்றாலும் மார்கழியில் நான்கு சபாக்களிலும் போய் உட்கார ஆள் இருக்கிறார்கள். முந்தின கச்சேரியைவிட நன்றாக இருந்ததா இல்லையா என்று கேன்டீனில் சண்டையும் நடக்கும்.

கிரேட்ஃபுல் டெட் ராக் இசையில் செய்தது ஏறக்குறைய இதுதான். பாட்டின் வரிகளும் மெட்டும் நிலையானவை. நடுவில் குழு எழுதிவைக்காத ஒரு வெளிக்குள் புகுந்துவிடும். ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் பதில் சொல்ல, அந்த நிமிடத்திலேயே இசை உருவாகும். இதற்கு ஜாம் என்று பெயர். அங்கிருந்து முதல் பாட்டுக்கே திரும்பலாம், அல்லது இடைவெளி விடாமல் வேறொரு பாட்டுக்குள் வழுக்கிப் போகலாம். அந்த வழுக்கலை செக்யூ என்பார்கள்.

'டார்க் ஸ்டார்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். 1968இல் தனி இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. 1969இல் வந்த நேரடி ஆல்பத்தில் அதே பாட்டு இருபத்து மூன்று நிமிடம். வரிகள் அதேதான், இடையில் நடப்பதுதான் இருபது நிமிடம் கூடுதல்.

எந்தப் பாட்டுகள் எந்த வரிசையில் வரும் என்ற பட்டியல், அதாவது செட்லிஸ்ட், ஒவ்வொரு இரவும் மாறியது. கச்சேரி இரண்டு பாதியாக நடக்கும். முதல் பாதியில் தனித்தனிப் பாட்டுகள், இரண்டாம் பாதியில் நீண்ட ஜாம்கள், நடுவே டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் நீளமான ஒரு பகுதி. (இந்த டிரம்ஸ் பகுதிக்கு நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. மிக்கி ஹார்ட், தபேலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். அவருடைய மகன் ஜாகிர் உசேனோடு ஹார்ட் உருவாக்கிய 1991ஆம் ஆண்டு 'பிளானெட் டிரம்' ஆல்பத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது.)

சில பாட்டுகளைக் குழு வருடக்கணக்கில் தொடாமலே விட்டுவிடும். 1984க்குப் பிறகு 'டார்க் ஸ்டார்' காணாமல் போனது. 1989 அக்டோபரில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் நகரில், கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காகத் தங்கள் பழைய பெயரான 'வார்லாக்ஸ்' பேரைப் போட்டு நடத்திய கச்சேரியில், திடீரென்று அதன் தொடக்க சுரங்களை வாசித்தார்கள். பதிவைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு முழுசாக ஆரம்பிக்கும் முன்பே அரங்கம் வெடிக்கிறது. ஐந்து வருடக் காத்திருப்பு நான்கைந்து சுரங்களில் தீர்ந்த சத்தம் அது. டோபமைன் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல செயல்விளக்கம் எனக்குத் தெரியாது.

எல்லா இரவும் இப்படி அமைந்துவிடவில்லை. கார்சியா வரிகளை மறப்பார், ஜாம் எங்கும் போய்ச் சேராமல் தொங்கும், சுருதி தவறிய கோரஸ் கேட்பவர் காதைப் பதம் பார்க்கும். மோசமான கச்சேரிகள் நிறையவே உண்டு, அதை முதலில் ஒப்புக்கொள்பவர்கள் டெட்ஹெட்டுகள்தான். நல்ல இரவுக்கு உத்தரவாதம் இல்லாததால்தான் அடுத்த கச்சேரிக்கும் டிக்கெட் வாங்கினார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். நினைவு மேடு இசையைச் சொந்த வாழ்க்கையோடு கட்டுகிறது. பரிச்சயம் எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. ஜாமும் மாறும் செட்லிஸ்ட்டும் அந்த எதிர்பார்ப்பைத் தீர விடாமல் வைத்திருக்கின்றன. ஆனால் கச்சேரி முடிந்தால் இசை காற்றில் போய்விடுமே? அங்கேதான் ரசிகர்கள் வேலையைக் கையில் எடுத்தார்கள்.

தொண்ணூறு நிமிடக் கேசட்

கச்சேரியைத் தன் சொந்தக் கருவியில் பதிவு செய்பவருக்கு டேப்பர் என்று பெயர். மற்ற குழுக்கள் இப்படிப்பட்டவர்களைக் காவலாளி வைத்துத் துரத்தின. கிரேட்ஃபுல் டெட் கண்டுகொள்ளாமல் விட்டது. நாங்கள் வாசித்து முடித்தால் அது அவர்களுடையது என்பது கார்சியாவின் போக்கு. காலப்போக்கில் உயரமான மைக் கம்புகள் காடாக வளர்ந்து பின்னால் நிற்பவர்களுக்கு மேடையே தெரியாமல் போனது. 1984இல் ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றார்கள்.

அப்படி உருவான கேசட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். உறைக்குள் மடித்த அட்டையில், பொடி எழுத்தில், தேதியும் ஊரும் அரங்கின் பெயரும். கீழே பாட்டுகளின் பட்டியல். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அம்புக்குறி இருந்தால் செக்யூ. ஓரத்தில், மேசையிலிருந்து நேராக எடுத்த பதிவா, கூட்டத்தின் நடுவே மைக் வைத்து எடுத்ததா என்ற குறிப்பு. அதோடு, மூலத்திலிருந்து இது எத்தனையாவது நகல் என்ற எண். ஒவ்வொரு நகலுக்கும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கொஞ்சம் கூடும் என்பதால் அந்த எண் முக்கியம். ஜாமின் உச்சத்தில் பக்கம் தீர்ந்து, டேப்பர் கேசட்டைத் திருப்பிப் போட்ட சில நொடிகள் பதிவில் இருக்காது. அந்த ஓட்டையைக்கூட மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் உண்டு.

இந்த உலகத்தின் சட்டம் ஒன்றே ஒன்று: விற்கக் கூடாது. உன்னிடம் இருப்பதைக் கொடு, என்னிடம் இருப்பதை வாங்கிக்கொள். கொடுக்க ஒன்றுமில்லாத புதியவரா? வெற்றுக் கேசட்டும் தபால்தலையும் அனுப்பினால் போதும், பதிவு செய்து திருப்பி அனுப்புவார்கள்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரு சாதாரண ராக் ரசிகரிடம் பத்துப் பன்னிரண்டு ஆல்பம் இருக்கும், கேட்டு முடித்துவிடலாம். டெட்ஹெட்டிடம் முப்பது வருடக் கச்சேரிகள் இருந்தன. 1972இல் இந்தப் பாட்டு எப்படி இருந்தது, 1977இல் எப்படி ஆனது, 1985இல் ஏன் இவ்வளவு வேகமாக வாசித்தார்கள் என்று ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். தேடவும் வகைப்படுத்தவும் வாதாடவும் ஆயுள் முழுக்க வேலை இருக்கிறது. என் கருத்தில், நீண்டகால ரசனையின் அடிப்படை இதுதான். உணர்ச்சி மட்டும் இருந்தால் சில வருடங்களில் தணிந்துவிடும். செய்வதற்கு ஒரு வேலையும் இருந்தால் அது வாழ்க்கையின் பகுதியாகிவிடுகிறது.

டிக் லட்வாலா என்ற கேசட் சேகரிப்பாளர் இதற்குச் சாட்சி. ரசிகராக ஆரம்பித்து, கடைசியில் குழுவின் ஒலிநாடாக் காப்பகத்துக்கே பொறுப்பாளரானார். 1993இல் தொடங்கி அவர் தேர்ந்தெடுத்த கச்சேரிகள் அவர் பெயரிலேயே ஆல்பங்களாக வந்தன.

ரசிகருக்கும் ரசிகருக்கும் நடுவே

நட்சத்திரம் நம்மை அறியாது, நாம் மட்டும் அவரை நெருங்கியவராக உணர்கிறோம். 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்த இந்த நிலையை ஒருதலை உறவு என்று சொல்லலாம். ரசிகர்களைப் பற்றிய பேச்செல்லாம் இதோடு நின்றுவிடுகிறது. டெட்ஹெட்டுகளிடம் இதுவும் இருந்தது, கார்சியாவைக் கிட்டத்தட்டக் கும்பிட்டவர்கள் உண்டு. அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் உறவின் பெரும்பகுதி மேடையை நோக்கிப் போகவில்லை, பக்கவாட்டில் போனது. கச்சேரிக்கு முன் வாகன நிறுத்துமிடமே ஒரு சந்தை. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய பனியன், சீஸ் சாண்ட்விச். அதை விற்ற காசில் அடுத்த ஊருக்குப் பெட்ரோல். டிக்கெட் இல்லாதவர் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நடப்பார், யாராவது ஒருவர் சும்மாவே ஒரு டிக்கெட்டைக் கையில் வைத்துவிட்டுப் போவதும் நடக்கும். 1989இல் ரெபேக்கா ஆடம்ஸ் என்ற சமூகவியல் பேராசிரியர் தம் மாணவர்களையே இந்தச் சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போய் ஆய்வு செய்தார்.

போதை விஷயத்துக்கு வருவோம். அது இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. கார்சியாவே ஹெராயினோடு பல வருடம் போராடி, 53 வயதில், சிகிச்சை மையத்தில் இருந்தபோது மாரடைப்பில் இறந்தார். ஆனால் அதே கூட்டத்துக்குள் 'வார்ஃப் ராட்ஸ்' என்று ஒரு குழு உண்டு. குடியையும் போதையையும் விட்டவர்கள் இவர்கள். இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய மேசையைச் சுற்றி நின்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டு, மறுபடி இசைக்குள் போவார்கள். இசைக்குப் போதைதான் காரணம் என்றால் இவர்கள் ஏன் வர வேண்டும்?

எல்லாம் இனிமையாகவே போகவில்லை. 1987 வெற்றிப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. இசையைவிட வெளியே நடக்கும் கொண்டாட்டத்துக்காக வந்தவர்கள் பெருகினார்கள். 1995 ஜூலையில் இண்டியானாவில் டிக்கெட் இல்லாதவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள், மறுநாள் கச்சேரி ரத்து.

குழு போன பிறகும்

ஒருதலை உறவுதான் எல்லாமே என்றால் 1995 ஆகஸ்டில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கவாட்டு உறவுகளும், கேசட்டுகளும், பாட்டுகளும் அப்படியே இருந்தன. மேயரோடு 2015இல் தொடங்கிய 'டெட் அண்ட் கம்பெனி' பல வருடம் பெரிய மைதானங்களை நிரப்பியது. 2025 ஆகஸ்டில், அறுபதாம் ஆண்டுக்காக, சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் மூன்று நாள் வாசித்தார்கள்.

எனக்கு இதைவிட வியப்பு 'டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா'தான். 1997இல் சிகாகோவில் தொடங்கிய குழு. கிரேட்ஃபுல் டெட் ஏதோ ஒரு தேதியில் நடத்திய கச்சேரியை, அதே பாட்டுகள், அதே வரிசை, அந்தக் காலத்து மேடை அமைப்பு என்று அப்படியே எடுத்து வாசிப்பார்கள். ஆனால் ஜாம் மட்டும் அன்றைக்குப் புதிதாகப் பிறக்கும். எந்தத் தேதி என்பதைக் கச்சேரி முடிந்த பிறகுதான் சொல்வார்கள். அதற்குள் கூட்டத்தில் பாதிப்பேர் செட்லிஸ்ட்டை வைத்துத் தேதியைக் கணித்துப் பக்கத்தில் நிற்பவரோடு பந்தயம் கட்டியிருப்பார்கள்.

எங்கே தொடங்கலாம்?

நேராக இருபத்து மூன்று நிமிட 'டார்க் ஸ்டார்' வேண்டாம், தலைசுற்றிவிடும். 1970இல் வந்த 'அமெரிக்கன் பியூட்டி' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். சின்னச் சின்ன நாட்டுப்புறச் சாயல் பாட்டுகள், எளிதாகப் பிடிபடும்.

அப்புறம் 1977 மே 8, நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் ஹால். பெட்டி கேன்டர் என்ற ஒலிப்பொறியாளர் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையிலிருந்து எடுத்த பதிவு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலிலும் இதைச் சேர்த்திருக்கிறது. அதில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டு மெல்லக் கரைந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' ஆகும் இடத்தைக் கேளுங்கள். முதல் பாட்டு எந்த நொடியில் முடிந்தது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். கண்டுபிடித்துவிட்டதாகத் தோன்றினால் ஒரு டெட்ஹெட்டிடம் சொல்லுங்கள். "இல்லை" என்று ஆரம்பிப்பார், பேச்சு முடிய இரவாகிவிடும்.